கெட்டி மெத்தைதான் முதுகுக்கு நல்லதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

முதுகு வலி, மூட்டு வலி உள்ளவர்கள் மெத்தை வாங்குவது பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவை இங்கே. பிசியோதெரபிஸ்ட் ஒருவரும் மெத்தைத் தயாரிப்பில் இருக்கும் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு வயது 58. பல வருடமாக இடுப்பு வலி, இப்போது முழங்கால் தேய்மானமும் சேர்ந்துவிட்டது. "கெட்டியான படுக்கையில்தான் படுக்க வேண்டும்" என்று எல்லோரும் சொன்னதால் மகன் 5 அங்குலத் தேங்காய் நார் மெத்தை வாங்கிக் கொடுத்தான். உறையிலேயே "ஆர்த்தோ" என்று போட்டிருக்கிறது. மூன்று மாதம் ஆகிறது. இடுப்பு வலி குறையவில்லை; தோள்பட்டையும் இடுப்பெலும்பும் புதிதாக வலிக்கின்றன. இதைத் தூக்கிப் போடத்தான் வேண்டுமா?
– வாசகி, தஞ்சாவூர்

தூக்கிப் போட வேண்டாம் அம்மா. முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். தோளும் இடுப்பெலும்பும் வலிக்கின்றன என்றால் நீங்கள் ஒருக்களித்துப் படுப்பவர். அப்படிப் படுக்கும்போது உடம்பின் பாரம் பெரும்பாலும் அந்த இரண்டு இடத்தில்தான் இறங்குகிறது. அங்கே மெத்தை கொஞ்சம் அமுங்கி இடம் கொடுத்தால்தான் நடுவில் இருக்கும் இடுப்பு வளைவுக்கும் தாங்கல் கிடைக்கும். தேங்காய் நாரை ரப்பர் பாலில் தோய்த்து அழுத்திச் செய்த மெத்தை அப்படி இடம் கொடுக்காது. எலும்பு நசுங்குகிறது, இடுப்பு அந்தரத்தில் தொங்குகிறது, அதைத் தாங்கிப் பிடிக்க முதுகுத் தசை இரவெல்லாம் வேலை செய்கிறது. காலையில் எழும்போது உடம்பு முறித்துப் போட்டதுபோல் இருப்பது அதனால்தான்.

"கெட்டியாகப் படு" என்ற அறிவுரை குழி விழுந்த பழைய மெத்தைகளும் தொய்ந்த நாடாக் கட்டில்களும் வீட்டுக்கு வீடு இருந்த காலத்தில் சொன்னது. அவற்றோடு ஒப்பிட்டால் பலகை மேல்தான். ஆனால் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் 90 நாள் நடத்திய ஆய்வு 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தை, பாதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை. படுக்கையில் வரும் வலி, எழும்போது வரும் வலி, அன்றாட வேலையில் படும் சிரமம் மூன்றிலும் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் நல்ல பலன் தெரிந்தது.

உறையில் இருக்கும் "ஆர்த்தோ" ஒரு விற்பனைப் பெயர். அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே என்ன அடுக்கு, எத்தனை அங்குலம், என்ன டென்சிட்டி (ஃபோமின் அடர்த்தி) என்ற மூன்றையும் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

இனி உங்கள் மெத்தைக்கு வருவோம். அதில் குழி விழவில்லை என்றால் அதன் மேல் 2 அங்குல லேடெக்ஸ் (ரப்பர் நுரை) விரிப்பு ஒன்று போடுங்கள். அடியில் கெட்டி, மேலே மெத்து என்ற சேர்க்கை உங்களுக்குச் சரியாக வரும். லேடெக்ஸ் கட்டுப்படியாகாது என்றால், புதிதாக அடித்த பஞ்சில் தைத்த மெல்லிய இலவம்பஞ்சு மெத்தை போடலாம். குழி விழுந்திருந்தால் மட்டும் மேலே எதைப் போட்டாலும் பிரயோஜனமில்லை. விரிப்பும் அதே குழிக்குள் இறங்கிவிடும்.

சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. உடம்போடு ஒட்டிய பனியன் அல்லது டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, பிடரியில் ஒன்று, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் ஒன்று, இடுப்பு வளைவில் ஒன்று, வால் எலும்பில் ஒன்று என நான்கு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். வழக்கமான தலையணையோடு ஒருக்களித்துப் படுத்து ஐந்து நிமிடம் உடம்பைத் தளர விடுங்கள். பிறகு பின்னாலிருந்து, மெத்தையின் மட்டத்தில் செல்போனை வைத்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். நான்கு பொட்டும் நேர்க்கோட்டில் வந்தால் சரி. இடுப்புப் பொட்டு கீழே தொய்ந்து தோளும் வால் எலும்பும் தூக்கி நின்றால் மெத்தை கெட்டி. வால் எலும்புப் பொட்டு கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தால் மெத்தை அளவுக்கு மீறி அமுங்குகிறது.

மல்லாந்து படுப்பவர்களுக்குக் கை போதும். இடுப்புக்கு அடியில் உள்ளங்கையை நுழையுங்கள். தாராளமாகப் போய்வந்தால் கெட்டி. நுழையவே மறுத்தால் மெத்து அதிகம். லேசாக உரசிக்கொண்டு போனால் உங்களுக்குப் பொருந்துகிறது.

இன்று இரவிலிருந்தே ஒன்று செய்யுங்கள். ஒருக்களிக்கும்போது முழங்காலில் இருந்து கணுக்கால் வரைக்கும் வரும்படி கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வையுங்கள். முழங்காலுக்கு மட்டும் வைத்தால் பாதம் கீழே தொங்கி இடுப்பு திருகும்.

அப்பாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. மூட்டு வலிக்கு எந்த மெத்தை நல்லது?
– வாசகர், மதுரை

உங்கள் அப்பாவுக்கு எந்த மெத்தை என்பதைவிடக் கட்டிலோடு சேர்த்து எத்தனை அங்குல உயரம் என்பதுதான் முக்கியம். இதைக் கடையில் யாரும் கேட்பதில்லை. கேட்காமல் விடுவதால் எத்தனையோ பெரியவர்கள் தினமும் அவதிப்படுகிறார்கள்.

அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, பாதம் தரையில் பதிந்திருக்கும்போது முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை இஞ்ச் டேப்பில் அளந்து பாருங்கள். 17 அங்குலம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முழங்கால் வலி உள்ளவர் உட்காரும் உயரம் அதைவிட 2 அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும், 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 19 முதல் 21 அங்குலம். இது அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்த பிறகு இருக்க வேண்டிய உயரம் என்பதை மறந்துவிடாதீர்கள். 14 அங்குலக் கட்டிலில் 6 அங்குல ஃபோம் மெத்தை போட்டால் கணக்குக்கு 20 வரும். ஓரத்தில் உட்கார்ந்ததும் ஒன்றரை அங்குலம் அமுங்கினால் கையில் இருப்பது பதினெட்டரைதான். அங்கேதான் அவர் மாட்டிக்கொள்கிறார்.

ஆகவே 8 அங்குல மெத்தையாக எடுங்கள், அல்லது கட்டில் கால்களை உயர்த்துங்கள். உயர்த்தும்போது செங்கல்லை அப்படியே சொருக வேண்டாம், வழுக்கும். கட்டில் கால் உட்கார்ந்துகொள்ளும்படி நடுவில் குழி எடுத்த மரக்கட்டை நான்கு செய்து வாங்குங்கள். உயர்த்திய பிறகு அப்பா உட்கார்ந்தால் குதிகால் இரண்டும் தரையில் படிகிறதா என்று பாருங்கள். படியாமல் ஆடினால் இரவில் பாத்ரூம் போக இறங்கும்போது விழுந்துவிடுவார்.

மெத்தையைப் பொறுத்தவரை ஓரம் அமுங்காததாக வேண்டும். கடையில் ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். முன்பக்கம் சரிந்து தள்ளுவதுபோல் இருந்தால் வேண்டாம். உடம்பு புதையும் மெமரி ஃபோமும் இவருக்கு ஆகாது, புரண்டு படுக்கவே பலம் செலவாகும். முதலில் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே இறக்கி, அதே நேரத்தில் கையை ஊன்றி எழச் சொல்லிக் கொடுங்கள். நேராக நிமிர்ந்து எழுவதுதான் இடுப்பைப் பிடிக்க வைக்கிறது.

கடைக்காரர் "40 டென்சிட்டி போட்டிருக்கிறோம், நல்ல கெட்டியாக இருக்கும், முதுகுக்கு அதுதான் சரி" என்கிறார். டென்சிட்டி அதிகம் என்றால் கெட்டி என்று அர்த்தமா? அவர் சொல்வது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், கோயம்புத்தூர்

அர்த்தம் வேறு. டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்ற கணக்கு. அது ஃபோம் எத்தனை வருடம் குழி விழாமல் உழைக்கும் என்பதைச் சொல்லும். கெட்டியா மெத்தா என்பது ஃபோம் வார்க்கும்போது சேர்க்கும் பக்குவத்தைப் பொறுத்தது. 40 டென்சிட்டியில் பஞ்சுபோல மெத்தான ஃபோமும் உண்டு, பலகைபோலக் கெட்டியானதும் உண்டு.

எடையை வைத்து நீங்களே சரிபார்க்கலாம். 72க்கு 36 அங்குல அளவில் 6 அங்குல மெத்தை ஒன்று ஏறக்குறைய கால் கன மீட்டர். எனவே டென்சிட்டியை நான்கால் வகுத்தால் ஃபோமின் எடை வந்துவிடும். 32 என்றால் 8 கிலோ, 40 என்றால் 10 கிலோ. உறைக்கும் அதோடு சேர்த்துத் தைத்த மெல்லிய அடுக்குக்கும் (குவில்ட்டிங்) ஒன்றிரண்டு கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். 40 என்று சொல்லி மொத்தமே 8 கிலோ நின்றால் சொன்னது பொய். வீட்டு எடை மெஷினில் வெறுமனே ஏறி ஒரு தடவை, மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை நின்று கழித்துப் பாருங்கள். முதுகு வலி இல்லாத ஒருவர் இதைச் செய்யட்டும்.

அடுக்கடுக்காக இருந்தால் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். அதே அளவில் ஒவ்வொரு 2 அங்குல அடுக்குக்கும் டென்சிட்டியைப் பன்னிரண்டால் வகுத்தால் போதும். 50 டென்சிட்டி மெமரி ஃபோம் 2 அங்குலம் சுமார் 4 கிலோ, அடியில் 32 டென்சிட்டி 4 அங்குலம் ஐந்தரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

அடி அடுக்கு 32க்குக் குறையாமல் பாருங்கள். உங்கள் எடை 80 கிலோவைத் தாண்டினால் 40 கேளுங்கள். கடையில் 90, 100 என்று பெரிய எண் சொன்னால் அது ரீபாண்டட் ஃபோம், அதாவது துண்டு துணுக்கு ஃபோமைப் பசை போட்டு அழுத்திச் செய்தது. கால் கன மீட்டரே 25 கிலோ கனக்கும். அடி அடுக்காக 3, 4 அங்குலம் இருந்தால் நன்றாக உழைக்கும். முழுக்க அதுவே என்றால் தஞ்சாவூர் வாசகிக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேரும்.

பாட்டி காலத்து இலவம்பஞ்சு மெத்தைக்கே திரும்பிவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

திரும்பலாம். பராமரிக்கக் கை இருக்க வேண்டும். இலவம்பஞ்சு உள்ளே காற்று நிறைந்த குழல்போன்ற இழை, மேலே மெழுகுப் பூச்சு. அதனால் கனமில்லை, சூடு ஏறாது, வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. நம் ஊர் வெயிலுக்கு இதைவிட இதமான படுக்கை இல்லை என்றே சொல்வோம். அதன் குறை, நிமிர்ந்து எழும் தன்மை இல்லாதது. தினமும் ஒரே இடத்தில் பாரம் விழுந்தால் பஞ்சு நசுங்கிக் கட்டி தட்டும். இடுப்பு படும் இடத்தில்தான் முதலில் குழி விழும், இடுப்பு வலிக்காரருக்கு அது வினை. வாரம் ஒரு முறை திருப்பிப் போட்டு, மாதம் ஒரு முறை காலை வெயிலில் காய வைத்து, வருடம் ஒரு முறையாவது பிரித்துப் பஞ்சை அடித்து மறுபடி தைக்க வேண்டும். தண்ணீர் படவே கூடாது.

வாங்கும்போது கலப்படம் பாருங்கள். ஓரத் தையலில் ஒரு சிட்டிகைப் பஞ்சு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு விரலால் அழுத்துங்கள். இலவம்பஞ்சு மேலே மேலே வந்து மிதக்கும். கழிவுப் பருத்தி கலந்திருந்தால் நனைந்து கீழே போகும். விரலில் உருட்டினால் பருத்தி நூலாகத் திரியும். இலவம் வழுவழுவென்று நழுவிவிடும்.

சென்னையில் மெமரி ஃபோம் போடலாமா? ஏ.சி. இல்லை.
– வாசகர், தாம்பரம்

வேண்டாம். அது சூட்டுக்கு இளகும், குளிருக்கு இறுகும். மே மாத இரவில் கடையில் பார்த்ததைவிட ஆழமாகப் புதைவீர்கள், உடல் சூடும் வெளியேறாது. உங்களுக்குத் துளையிட்ட லேடெக்ஸோ, ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப்பையில் இருக்கும் பாக்கெட் ஸ்பிரிங் மெத்தையோ பொருந்தும். ரப்பர் ஒவ்வாமை இருப்பவர்கள் மட்டும் லேடெக்ஸைத் தவிர்க்கவும்.

என் எடை 54 கிலோ, அவர் 92 கிலோ. இருவருக்கும் முதுகு வலி. அவருக்குப் பிடித்த மெத்தை எனக்குப் பாறையாக இருக்கிறது.
– வாசகி, சேலம்

ஒரே மெத்தையில் இரண்டு பேரையும் திருப்திப்படுத்தப் பார்க்காதீர்கள். 78க்கு 72 கட்டில் என்றால், 78க்கு 36 அளவில் இரண்டு தனி மெத்தை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு மேலே ஒரே விரிப்பு விரியுங்கள். அவருக்கு 8 அங்குலம், அடியில் கெட்டி அடுக்கு. உங்களுக்கும் அதே 8 அங்குலம், மேலே 2 அங்குலம் மெத்தான அடுக்கு. உயரம் மட்டும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் நடுவில் படி தட்டாது. அவர் புரளும்போது உங்கள் தூக்கமும் கலையாது.

வயது 32. ஒன்றரை வருடமாகக் கீழ் முதுகு வலி. மெத்தை மூன்று முறை மாற்றிவிட்டேன். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு வலியில் விழிப்பு வருகிறது. எழுந்தபின் ஒரு மணி நேரம் முதுகு மரக்கட்டைபோல இருக்கும், நடக்க நடக்கச் சரியாகிறது. அடுத்து எந்த மெத்தை வாங்கலாம்?
– வாசகர், திருநெல்வேலி

தம்பி, அடுத்த மெத்தையை வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் மூட்டு வாத நிபுணரை, அதாவது ருமட்டாலஜிஸ்டைப் பாருங்கள். நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் மெத்தையைத் தாண்டிய ஒன்றைச் சொல்கிறது. படுக்கையால் வரும் பிடிப்பு எழுந்து சிறிது நேரத்தில் விடும். அரை மணிக்கு மேல் நீடித்து, ஓய்வில் கூடி, நடந்தால் குறைந்து, பின்னிரவில் எழுப்பும் வலி, அதுவும் 45 வயதுக்குள் தொடங்கியது என்றால், முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற நோய் இப்படித்தான் ஆரம்பிக்கும். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஹெச்.எல்.ஏ.-பி27 என்ற ரத்தப் பரிசோதனைகளும், முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டின் (சாக்ரோஇலியாக் மூட்டு) படமும் எடுக்கச் சொல்வார்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதை வைத்து ஒன்றுமில்லை என்று விட்டுவிடாமல் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். கண் சிவந்து வலித்ததுண்டா, குதிகால் வலி உண்டா, வீட்டில் யாருக்காவது சொரியாசிஸ் உண்டா என்பதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் பிடித்தால் நல்ல சிகிச்சை இருக்கிறது.

மற்ற வாசகர்களுக்கும் சொல்கிறோம். முதுகு வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, காலில் பலவீனம் இருந்தால் மெத்தைக் கடைக்கு முன்னால் மருத்துவரிடம் போங்கள். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது இருந்தால் அன்றைக்கே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஆன்லைனில் 100 இரவு படுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்கிறார்களே, நம்பலாமா?
– வாசகி, ஈரோடு

கடையில் பத்து நிமிடம் படுத்துப் பார்ப்பதைவிட இது உங்களுக்குச் சாதகம்தான். விதிகளை முன்பே படித்துவிடுங்கள். கறை பட்டால் எடுக்க மாட்டார்கள், ஆகவே முதல் நாளே காற்றுப் போகும் பருத்தி உறை போடுங்கள். வந்திறங்கிய பிளாஸ்டிக்கை அப்படியே விட்டுப் படுக்காதீர்கள், வியர்வை உள்ளேயே தேங்கும். உங்கள் ஊரிலிருந்து திரும்ப எடுத்துப் போவார்களா, அதற்குப் பணம் பிடிப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். புது மெத்தைக்கு உடம்பு பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் வார வலியை வைத்து முடிவெடுக்காதீர்கள். காலண்டரில் தினமும் காலையில் எழுந்ததும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஓர் எண் எழுதி வாருங்கள். நான்காவது வாரத்திலும் எண் இறங்கவில்லை என்றால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

வாரன்டியில் வருடத்தைப் பார்க்காமல், எத்தனை அங்குலக் குழி விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்று பாருங்கள். சிலர் ஒன்றரை அங்குலம் என்று போட்டிருப்பார்கள். முதுகுக்கு ஒரு அங்குலமே அதிகம். அளப்பதற்கு, விரிப்பை எடுத்துவிட்டு மெத்தையின் குறுக்கே நூலை இழுத்துக் கட்டி, நூலிலிருந்து குழி வரை ஸ்கேலில் பாருங்கள். கட்டில் பலகைகளுக்கு நடுவே 3 அங்குலத்துக்கு மேல் சந்து இருந்தாலும் வாரன்டி செல்லாது என்று சிலர் சொல்லிவிடுவார்கள். சந்து பெரிதாக இருந்தால் 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றை அறுத்துப் போடுங்கள், காற்றுப் போக அதில் அங்கங்கே துளை இடுங்கள்.

பழைய மெத்தையின் மேலேயே புது மெத்தையைப் போடலாமா? தூக்கிப் போட மனம் வரவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

கூடாது. பழையதின் குழி ஆறே மாதத்தில் புதியதிலும் இறங்கிவிடும், உயரமும் தாறுமாறாகிவிடும். பழையது தேங்காய் நார் என்றால் குழி விழாத பகுதியை அளவாக அறுத்து, தைத்து, திண்ணைக்கோ ஊஞ்சலுக்கோ போட்டுக்கொள்ளுங்கள்.